வியாழக்கிழமை விருந்தாளி

ஆர்மராட் வீட்டுக் கதவை மியூரியல் தட்டியபோது மழை நின்றிருந்தது. கூரைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் தெருவில் பாக்கி இருந்தது. நவம்பர் மாதத்தில் அந்த மலைச்சரிவு ஊரில் மத்தியானமே விளக்குப் போட்டுவிடுவார்கள். இந்த வீட்டில் இன்னும் போடவில்லை.

காலையிலிருந்து படி ஏறி இறங்கி அவளுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு போவது அவள் வேலை. ரொம்பப் பிடித்தது, பிடித்தது, பரவாயில்லை, பிடிக்கவில்லை. ஏதாவது ஒன்றில் ஒரு கோடு. இந்த வாரம் கேட்க வேண்டியது 'விருந்தாளி'யைப் பற்றி.

அந்த நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாதாரணக் குடும்பம். ஒரு நாள் அவர்கள் முன்னறையில், கதவுக்குப் பின்னால், நனைந்த கோட்டுப் போட்ட ஒருவன் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். யார், எப்படி வந்தான், தெரியாது. கேட்பது மரியாதை ஆகாது என்று அந்தக் குடும்பம் அவனுக்குத் தேநீர் கொண்டுபோய் வைக்கிறது. "சர்க்கரை போதுங்களா?" என்று அவன் முதுகிடம் விசாரிக்கிறது. பிறகு வாரத்துக்கு ஒருவராக அந்த வீட்டு ஆட்களும் போய் அவன் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு பிஸ்கட் தின்கிறார்கள்.

சொன்னால் திக்கென்று இருக்கிறது, இல்லையா? பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். நாடே சிரித்துக்கொண்டிருந்தது.

"என் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்புல பல்செட்டு டீக்குள்ள விழுந்துடுச்சு. ரொம்பப் பிடிச்சதுன்னே போடும்மா," என்றார் கறிக்கடைக்காரர்.

"சாத்தான் வேலை இது," என்றாள் ஜெபக்கூடத்தில் பியானோ வாசிக்கும் மிஸஸ் ஹோய்ல். "ஒரு வாரம்கூட விடாம பாத்திருக்கேன், அதனாலதான் அடிச்சுச் சொல்றேன்."

மியூரியலிடம் யாராவது கேட்டிருந்தால் அவள் 'ரொம்பப் பிடித்தது' என்பதில் கோட்டை இரண்டு தரம் அழுத்திப் போட்டிருப்பாள். அவள் மகள் லோர்னாவின் கணவன் ஏப்ரல் மழையில், நெடுஞ்சாலை ஓரத்தில், நின்றுபோன வண்டிக்குப் பக்கத்தில் உதவிக்காகக் காத்து நின்றபோது லாரி மோதிச் செத்துப்போனான். அதற்குப் பிறகு லோர்னா அம்மா வீட்டுக்கு வந்தவள்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். ஒரு வியாழக்கிழமை 'விருந்தாளி' ஓடிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து திடீரென்று ஒரு சிரிப்பு வெடித்தது. அடுப்படியில் இருந்த மியூரியல் ஈரக் கையோடு ஓடிவந்தாள். பெண் பிழைத்துக்கொள்வாள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. வாரத்தில் அந்த ஒரு அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் தாயும் மகளும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஆர்மராட் கிழவர் எட்டிப்பார்த்தார். பல நாள் சவரம் செய்யாத முகம்.

"டிவி கேள்வியா? உள்ள வாம்மா. வாசல்ல நிக்காத."

முன்னறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் குளிர் போகவில்லை. ஈரக் கம்பளி வாடையும் ஆற்றுச் சேற்று வாடையும் கலந்து வந்தன.

"'விருந்தாளி' பிடிச்சுதா மிஸ்டர் ஆர்மராட்?"

"பிடிக்கல."

"அட! மிஸஸ் ஹோய்லை விட்டா, பிடிக்கலன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். உங்க வீட்டம்மாவுக்கு?"

"எல்சி பதில் சொல்ல மாட்டா."

"கடைக்குப் போயிருக்காங்களா?"

"இங்கதாம்மா இருக்கா," என்றபடி அவர் அறைக் கதவை மெல்லச் சாத்தினார்.

கதவுக்குப் பின்னால் எல்சி நின்றுகொண்டிருந்தாள்.

சமையல் ஏப்ரனோடு, மூக்கு சுவரில் தொடும்படி, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. முடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மியூரியல் சிரித்துவிட்டாள்.

"ஐயோ மிஸஸ் ஆர்மராட்! என் உயிரே போயிடுச்சு! டிவியில வர்ற மாதிரியே நிக்கறீங்களே!" என்று கைதட்டினாள்.

எல்சி திரும்பவில்லை. கிழவர் சிரிக்கவில்லை.

"எல்லாரும் இப்படித்தாம்மா சிரிக்கறாங்க," என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது. "டாக்டர் வந்தாரு. 'பேஷ், பேஷ்'ன்னு அவ தோளைத் தட்டிட்டுப் போயிட்டாரு. போலீஸ்காரன் வந்தான். பொண்டாட்டிக்குக் காட்டணும்னு போட்டோ புடிச்சுக்கிட்டான். லீட்ஸ்ல இருக்கற பையனுக்குப் போன் போட்டா, 'அப்பா, இந்த வயசுல உங்களுக்கு என்ன கூத்து'ங்கறான். நான் வேற யாருகிட்டப் போவேன்?"

மியூரியல் கிட்டப் போய் எல்சியின் கையைத் தொட்டாள். ஆற்றுக்குள் கிடக்கும் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. சுவர்க் காகிதத்தில் ஈரமாகப் படிந்து படிந்து மறைந்தது.

"முதல்ல சிரிக்கறத நிறுத்தினா," என்றார் கிழவர். "நான் உருண்டு பெரண்டு சிரிப்பேன், இவ வாயை மூடிக்கிட்டுப் பாத்துக்கிட்டிருப்பா. 'நார்மன், பாவம் அந்த விருந்தாளி, தனியா நிக்கறான்'னு என்கிட்டச் சொன்னா. அவ்வளவுதான். மறுநாள் காலையில இங்க நின்னா."

"மிஸ்டர் ஆர்மராட்..."

"நீ டிவிக்காரங்க ஆளுதானே? நிறுத்தச் சொல்லும்மா. உன் கால்ல விழறேன்."

சொல்கிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். எந்தக் கட்டத்திலும் கோடு போடத் தோன்றவில்லை. தெருவில் இறங்கியதும், முழங்கால் வலியை மறந்து, மேட்டில் ஓட ஆரம்பித்தாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை.

வீட்டுக்குள் நுழைந்தபோது நிகழ்ச்சி தொடங்கிவிட்டிருந்தது. லோர்னா சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மியூரியல் கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை. மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அந்த வீட்டு அப்பா சுவரோடு போய் நின்றார். அம்மாக்காரி அவர் முதுகில் துண்டைக் காயப்போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுக்காரி பாலினின் வீட்டில் குபீரென்று சிரிப்பு கேட்டது.

லோர்னா சிரிக்கவில்லை.

மியூரியல் சிரித்தாள். தொண்டையிலிருந்து இழுத்து இழுத்துச் சிரித்தாள். "பாருடி, துண்டைப் போடறா பாரு! சிரிடி கண்ணு!"

"எதுக்கும்மா இவ்வளவு சத்தமா சிரிக்கறே?" என்றாள் லோர்னா. திரையிலிருந்து அவள் கண் நகரவில்லை. "பாவம்மா அவன். மழையில நனைஞ்சு வந்து தனியா நிக்கறான்."

மியூரியல் பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தபோது கட்டிக்கொண்டதுபோல. லோர்னா அம்மா தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். அந்தப் பிடியை விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே மியூரியல் அப்படியே கண்ணயர்ந்துபோனாள். அலைந்த உடம்பு, பாவம், என்ன செய்யும்?

கண் விழித்தபோது விடிந்திருந்தது.

கை காலியாக இருந்தது.

கதவுக்குப் பின்னால் பார்க்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆற்றுச் சேற்று வாடை மூக்கில் ஏறியபோதே தெரிந்துவிட்டது. இருந்தாலும், பார்க்காத வரைக்கும் இல்லை என்று நினைக்கலாம் அல்லவா? நீங்களானாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

லோர்னா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். இரவு உடுப்பு உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது.

இழுத்துப் பார்த்தாள். கட்டிக்கொண்டு அழுதாள். செத்துப்போன மருமகன் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தாள். வேர்விட்ட மரம்போல் நின்றாள் பெண்.

டாக்டருக்குப் போன் செய்தாள். "மிஸஸ் கிர்க்பி, நேத்து அந்தத் துண்டு காட்சி பாத்தீங்களா?" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். அடங்கவில்லை.

பிறகு தன் அலுவலகத்துக்குச் செய்தாள். எடுத்தது புதிதாகச் சேர்ந்த பெண். மியூரியல் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மகளைச் சொன்னாள், எல்சியைச் சொன்னாள், நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டார்கள்.

"உங்க பொண்ணு அந்த அளவுக்கு ஒன்றிப் போயிட்டாங்கன்னா," என்றது அந்த இனிமையான குரல், "ரொம்பப் பிடித்ததுன்னு போட்டுக்கட்டுங்களா?"

போனை வைக்கும்போது கதவு திறந்தது. இஞ்சி கேக் தட்டோடு பாலின். தட்டாமல் உள்ளே வரும் உரிமை உள்ளவள்.

"மியூரியல், ராத்திரி நீ சிரிச்சது எங்க வீடு வரைக்கும் கேட்டுதே! நான் அவருகிட்டச் சொன்னேன், லோர்னா பொண்ணு தேறிட்டா, வீட்டுல சிரிப்பு கேக்குதுன்னு..." சொல்லிக்கொண்டே திரும்பியவள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி லோர்னா! தண்ணியெல்லாம் ஊத்திக்கிட்டு! டிவியில நடிக்கறவங்க உன்கிட்ட பிச்சை வாங்கணும்டி!"

"பாலின், வேண்டாம். வெளியே போ. சொல்றதைக் கேளு."

"அட சும்மா இரு. பொண்ணு இப்பத்தான் வெளையாட ஆரம்பிச்சிருக்கா, அதைக் கெடுக்கறியே." பாலின் லோர்னாவுக்குப் பக்கத்தில் போய், கைகளைத் தொங்கவிட்டு, சுவரில் மூக்கைப் பதித்துக்கொண்டாள். "மியூரியல்! எனக்குச் சர்க்கரை ரெண்டு!"

அவளுடைய பருத்த தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

குலுங்கின.

மெதுவாகக் குலுங்கின.

நின்றன.

"பாலின்?"

கணப்பில் தணல் சரிந்தது. பாலினின் உலர்ந்த ஸ்வெட்டர் ஓரத்திலிருந்து கம்பளத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

மியூரியல் அறை நடுவில் நின்றாள். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது அந்த இரண்டு முதுகுகளும், ஒரே நேரத்தில், ஆளுக்கு ஓர் அடி விலகின. நடுவில் ஒருவர் நிற்க இடம் இருந்தது.

மருமகன் செத்த பிறகு மியூரியல் கேட்டே இராத கனிவோடு, சுவர்ப் பக்கமிருந்து லோர்னாவின் குரல் வந்தது.

"பாவம்மா நீ. தனியா நிக்கறே."