மூன்று மீட்டர் அலை

நுரை கக்கிச் சுருண்டு வந்த அலை, மாதா கோயில் கோபுரத்துக்கும் மேலே எழும்பி நின்றது. பிலோமினா கொட்டாவி விட்டாள். ஆழிப்பேரலை இப்படிச் சுருளாது, இவ்வளவு உயரம் வராது, ஊரை விழுங்கும் முன் உறுமிக்கொண்டு நிற்கவும் நிற்காது. கடலியல் படித்தவளுக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனாலும் திரையில் ஓடிய அந்தப் படத்துக்குச் சம்மதப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தாமல் என்ன செய்வது?

அடுத்த நொடி, சவேரியார்பட்டணத்து ஜனங்களின் மூக்குக்கண்ணாடியிலும் கைப்பேசியிலும் அந்த அலை அவரவர் தெருமுனையில் எழுந்தது. கண்முன்காட்டியின் வேலை அதுதான். வரப்போகும் பேரிடரை முன்கூட்டியே அவரவர் வாசலில் வைத்துக் காட்டிவிடும்.

வந்த புதிதில் அது உண்மையைத்தான் காட்டியது. கடல் சத்தமில்லாமல் ஏறித் தெருவுக்குள் வருவதைப் பார்த்த ஜனம், "இவ்வளவுதானா?" என்று பிள்ளைகுட்டிகளோடு கரைக்கு வேடிக்கை பார்க்க வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பேரழிவுப் படம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வானத்தை மறைக்காத அலை அலையே இல்லை. அந்த வருஷம் செத்தவர்கள் அதிகம். அதற்குப் பிறகுதான் உலகத்துச் சினிமாவையெல்லாம் இயந்திரத்துக்கு ஊட்டினார்கள். எச்சரிக்கைப் படம் 'திரை அளவுக்கு' இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. ஜனமும் ஓட ஆரம்பித்தது.

"எல்லாரும் மேட்டுக்கு ஓடுறாங்க மேடம்!" எச்சரிக்கை நிலையத் தலைவர் தணிகாசலம் பூரித்துப்போனார். "நீங்க கணிச்ச மூணு மீட்டரைக் காட்டியிருந்தா ஒருத்தனாவது எந்திரிச்சிருப்பானா?"

"மாட்டான் சார்" என்றாள். பொய்யை வைத்துப் பிழைப்பு நடத்தி அவளுக்கு அலுத்துவிட்டது.

கைப்பேசி அழைத்தது. தம்பி கஸ்பார். சவேரியார்பட்டணத்தில்தான் வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறான். சின்ன வயதில் அவன் வாயைப் பிளந்துகொண்டு பேரழிவுப் படம் பார்க்கும்போதெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்து "இது தப்பு, அது தப்பு" என்று உயிரை வாங்கியவள் இவள்தான்.

"யக்கா, ஒன் படத்தப் பாத்தேன். சுருளுது, உறுமுது... நீ தப்புன்னு சொன்னதெல்லாம் அப்படியே இருக்கு!" சிரித்தான். "எனக்கு மட்டும் நெசத்தச் சொல்லு. எவ்வளவு வரும்?"

அவளிடம் ஒருத்தர் உண்மையைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

"மூணு மீட்டர், கஸ்பாரு."

"மூணா? ஆடிக் காத்துல நான் தெனமும் தாண்டுத அலையாச்சே! போக்கா. வள்ளத்து எஞ்சினக் கழத்திட்டு வாறேன்."

"ஏல, இது அலை கெடையாது! அலைன்னா வந்துட்டுத் திரும்பும். இது கடலே எழும்பி வாறது. நிக்காம வந்துக்கிட்டே இருக்கும். முழங்கால் தண்ணியே ஆள இழுத்துட்டுப் போயிரும். விட்டுட்டு ஓடு!"

"சரி, சரி. ரெண்டே போல்ட்டுதான்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "கஸ்பாரு, நான் சொன்னது பொய். கோபுர உயரத்துக்கு வருது. படத்துல காட்டுனதுதான் நெசம். ஓடுல!"

"இப்பத்தான் நீயும் சினிமாக்காரி மாதிரிப் பேசுத." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். திரும்பத் திரும்ப அழைத்தாள். அவன் எடுக்கவில்லை.

கடல் வந்தது. சுருளவில்லை, உறுமவில்லை. மணலைத் தாண்டியது, மீன் ஏலக் கூடத்தைத் தாண்டியது, வீடுகளுக்குள் நுழைந்தது, வந்துகொண்டே இருந்தது. அவள் கணித்த உயரம் அப்படியே பலித்தது. மேட்டில் நின்ற ஜனம் நிலையத்தின் கண்காணிப்புக் கேமராவைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தது. "இதுக்கா எங்கள இப்படி ஓட விட்டீய?"

தண்ணீர் வடிந்தபின் தணிகாசலம் அவள் மேஜைக்கு வந்தார்.

"ஊரே தப்பிச்சிருச்சு மேடம். ஒரே ஒரு ஆள்தான்... வள்ளத்துக்குப் பக்கத்துல கெடந்தாராம், கையில ஸ்பேனரோட. பாவம், அவருக்கு மட்டும் நம்ம படம் போய்ச் சேரலபோல."

"சேந்துச்சு சார்" என்றாள் பிலோமினா. "என் தம்பிதான். கேட்டான்னு உண்மையச் சொல்லிட்டேன்."