சவர்த் தண்ணீரில் நுரை

சுபஹுக்கு எழும்பினான். கிணற்றில் தண்ணீர் அள்ளினான். வுளு எடுத்துத் தொழுதான். மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேயிலை போட்டுக் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். முற்றத்தைக் கூட்டினான். மனைவி நதீரா மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு ஜவுபருக்கு எல்லாக் காலையும் இப்படித்தான். இதில் யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

விளக்குமாற்றைக் கதவு மூலையில் சாத்தப் போனபோது குசினி யன்னலில் இருந்த பக்கற்றைக் கண்டான். நேற்று வாங்கிய சலவைத் தூள். பிரிக்காமல்தான் வைத்தான். இப்போது அதன் மூலை ஒன்று இல்லை. கத்தரிக்கோல் பட்ட வெட்டு இல்லை. பல்லால் கடித்து இழுத்த கிழிசல். தொட்டுப் பார்த்தான். ஓரம் ஈரமாக இருந்தது.

நதீரா எதையும் பல்லால்தான் பிரிப்பாள்.

எலி என்று முடிவு செய்தான்.

கப்பலில் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியதில் இருந்து மீராமுகைதீன் காக்காவின் கடையில் அடிக்கடி ஏதாவது புதிது தொங்கும். இந்தப் பக்கற்றில் ஒரு பெண் வெள்ளை விரிப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மருதமுனையில் கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்புக் கரிக்கும் சவர். சவர்க்காரம் நுரைக்காது, திரிந்த பாலைப் போலக் கட்டி கட்டியாக மிதக்கும். நேற்றுக் காக்கா ஒரு குவளைச் சவர்த் தண்ணீரில் தூளைக் கரைத்துக் காட்டினார். நுரை பொங்கி அவருடைய கையில் வழிந்தது.

“இது ஒண்டு இரிந்தாக் காணும் தம்பி. வீட்டுக்குப் பொஞ்சாதியே தேவல்ல,” என்றார்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரிடம் சொன்னோம் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அதன்பின் பக்கற்றைக் கடதாசியில் சுற்றுவதில் மிகவும் கவனமானார்.

ஜவுபர் அதைப் பிள்ளைக்காக வாங்கினான். வீடு நதீராவின் சீதனம். அதே வளவில், பின்பக்கத்துச் சிறிய வீட்டில் நதீராவின் உம்மா சரீபா மாமியும் தங்கை சுஹறாவும் இருந்தார்கள். பிள்ளை மைமூனாவும் பிறந்த நாளில் இருந்து அவர்களோடுதான். மாமி ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: சுஹறாவைக் கல்யாணம் முடித்துக்கொண்டு இங்கேயே இருக்கலாம். விருப்பம் இல்லையென்றால் சவளக்கடைக்கு, அவனுடைய உம்மாவின் வீட்டுக்குப் போகலாம். எப்படியென்றாலும் பிள்ளை இங்கேதான். அவன் பிள்ளையைத் தன்னோடு படுக்கவைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

“பீத்துணி ஒண்டு கழுவத் தெரியாத ஆம்பிளக்கிட்டப் பச்சப் புள்ளய எப்பிடி மாப்புள்ள உடுற?” என்றார் மாமி. கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

இன்றைக்கு ஒலுவிலில் கல்யாணம். மாமியும் சுஹறாவும் போகிறார்கள். பிள்ளையை முதல்முறையாக ஒரு நாள் முழுதும் அவனிடம் விட மாமி சம்மதித்திருந்தார். அழுக்குத் துணிக் கூடையையும் கொண்டுவந்து வைத்தார். அவனைச் சோதிக்கிறார் என்று அவனுக்கு விளங்கியது.

“மஃரிபுக்கு முந்திப் புள்ளட துணிய உள்ளுக்கு எடுத்துருங்க மாப்புள்ள. இருட்டுக்க வெளிய கிடக்கப்படாது.”

“மச்சான் படிச்ச ஆளும்மா. அதெல்லாம் நம்பமாட்டார்,” என்றாள் சுஹறா.

“நம்பாட்டியும் எடுக்கட்டும்.”

மாமி குனிந்து பிள்ளையின் இடது நெற்றிப் பொட்டில் கொஞ்சினார். அங்கே பிறப்போடு வந்த ஒரு மறு இருந்தது. புளியங்கொட்டை அளவில், சிவப்பாக. பெண் பிள்ளை, முகத்தில் இப்படியா என்று மாமி தினமும் எண்ணெய் தடவுவார். அது அசையவில்லை. “கலிமாவோட போனவட புள்ள,” என்று பிள்ளையின் காதில் சொன்னார்.

ஜவுபர் கீழே பார்த்தான். ஆஸ்பத்திரிக்குப் போன காரில் நதீராவோடு கடைசியாக இருந்தவன் அவன் மட்டும்தான். மையத்து வீட்டில் மாமி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, என்ட புள்ள கடைசி மூச்சில கலிமா சொன்னாளா என்று கேட்டபோது, ஓம் என்றான். அந்த ஓமில்தான் மாமி இவ்வளவு நாளும் உயிரோடு இருக்கிறார். நதீரா கடைசியாகச் சொன்னது வேறு. அது வீட்டில் வைத்துச் சொன்னது. காரில் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் போன சத்தம் அடங்கியது. பிள்ளை ஏணையில் தூங்கியது.

கிணற்றடியில் பேசினை நிரப்பித் தூளை உள்ளங்கையில் கொட்டினான். நீலக் குறுணி. ஈரக் கையில் பட்டதும் சூடாகியது; இவ்வளவு நேரம் பற்றியிருந்துவிட்டு ஒருவர் இப்போதுதான் விட்ட கையின் சூடு. சில உப்புகள் கரையும்போது சூடு தரும் என்று படித்திருந்தான். படித்திருந்தும் கையை உதறினான்.

நுரை எழும்பியது. அந்தக் கிணறு வெட்டிய நாளில் இருந்து யாரும் காணாத நுரை பேசினின் விளிம்பைத் தாண்டி, துவைக்கும் கல்லில் இறங்கி, வாய்க்கால் வழியே வாழையடிவரை சத்தமில்லாமல் ஊர்ந்தது. அதன் மணம் இந்த ஊரில் பூக்காத ஏதோ பூவின் மணம். குனிந்து மூச்சை இழுக்க இழுக்க அந்தப் பூவுக்கு அடியில் இன்னொரு மணமும் ஏறி வந்தது, துருப்பிடித்த வாளியின் மணம்போல, பூட்டிக்கிடந்த அறையின் பாய்போல, அவனுக்கு முன்பே பழக்கமான ஏதோ ஒன்றைப்போல.

பிள்ளையின் துணிகள் நதீராவின் பழைய சேலைகளைக் கிழித்தவை. ஒவ்வொன்றாக எடுத்துக் கசக்கினான். பேசினின் அடியில் கை ஒரு கனமான துணியில் பட்டது. இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது. உள்ளூர்த் தறியில் நெய்த தடித்த விரிப்பு. ஓரத்தில் நீலக் கோடு.

அதை அவன் கூடையில் காணவில்லை. பிள்ளை பிறந்த இரவில் நதீராவுக்குக் கீழே கிடந்தது அது. மையத்தை அடக்கிவிட்டு வந்தபோது வீட்டில் இருக்கவில்லை. மாமி எரித்திருப்பார் என்று நினைத்தான். கேட்கவில்லை.

மாமிதான் கூடையில் போட்டிருப்பார். இதுவும் சோதனையாக இருக்கும். அப்படி நினைத்துக்கொண்டு நடுவில் இருந்த பெரிய மண்ணிறக் கறையில் தூளைப் போட்டுத் தேய்த்தான். நுரை சிவந்தது. புதுச் சிவப்பு. அலசினான். திரும்பத் தேய்த்தான். கறை மங்க மங்க அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. மாமிக்கு இதைக் காட்டலாம். கறையே தெரியாமல் போனதும் எல்லாவற்றையும் எடுத்துப்போய், புயலில் தலை போன இரண்டு தென்னைகளுக்கு இடையில் கட்டியிருந்த கொடியில் கைக்கு வந்தபடி போட்டான்.

நதீராவுக்குக் கறை பொறுக்காது. அவன் கந்தோர் வேலைக்குப் போடும் சட்டைப் பையில் ஒருமுறை மை கசிந்தது. பழஞ்சவர்க்காரமும் தேசிக்காயும் உப்பும் போட்டு நாள் கணக்கில் தேய்த்தாள். விடு, வேறு சட்டை இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. மை போயிற்று. மை இருந்த இடத்தில் துணியும் போயிற்று. அந்த ஓட்டைக்குள்ளால் விரலை விட்டுக் காட்டிச் சிரித்தாள். “பாத்தீங்களா மச்சான், கற இல்ல.”

பால்மா கரைத்துப் பிள்ளைக்குப் போத்தலைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

சளப். சளப். பிறகு ஓர் இடைவெளி. சளப். சளப். இடைவெளி.

பக்கத்து வளவில் அப்துல் ஸமட்டின் தறி என்று நினைத்தான். பகல் முழுவதும் ஓடும் தறிதான். கொஞ்ச நேரம் அந்த நினைப்பு உதவியது. பிள்ளை போத்தலை உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்துல் ஸமட்டும் குடும்பத்தோடு காலை பஸ்ஸில் ஏறியது அப்போது ஞாபகம் வந்தது. மாமிக்கு ஆசனம் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான்.

சளப். சளப்.

நதீரா இரண்டு அடி அடிப்பாள். பிறகு முகத்தில் விழுந்த முடியை மணிக்கட்டால் காதுக்குப் பின்னால் தள்ளுவாள். அந்த இடைவெளி அதற்குத்தான்.

பிள்ளையை ஏணைத் துணியில் கிடத்திவிட்டுப் பின்கதவுக்குப் போனான். கிணற்றடியில் யாரும் இல்லை. எரிக்கிற வெயில். எப்போதோ காய்ந்திருக்க வேண்டிய துவைகல் பளபளவென்று ஈரமாக இருந்தது. கொடியில் துணிகள் அவன் போட்டபடி இல்லை. எல்லாம் உள்பக்கம் வெளியே திருப்பி, சிறியதில் இருந்து பெரியதுவரை வரிசையாக, ஓரம் இழுத்துக் காயப்போட்டிருந்தன. நதீரா அப்படித்தான் போடுவாள். கடைசியில் விரிப்பு. அதன் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கறை இருந்த இடத்தில் நூல் ஒன்றும் மிச்சம் இல்லை. பெரிய ஓட்டை. அதற்குள்ளால் வேலி தெரிந்தது.

அவன் அவ்வளவு தேய்க்கவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மீராமுகைதீன் காக்காவின் கடைக்குப் போய்விடலாம் என்று நினைத்தான். செருப்பைக்கூடப் போட்டுவிட்டான். கடையில் ஆட்கள் இருப்பார்கள். ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். மாமி பஸ்ஸால் இறங்க முந்தியே கதை அவர் காதுக்குப் போய்விடும்: ஒரு பகல் பிள்ளையை வைத்திருக்க முடியாமல் மாப்பிள்ளை தெருவுக்கு வந்துவிட்டார். பிறகு பிள்ளை கிடைக்காது. என்றைக்கும் கிடைக்காது.

செருப்பைக் கழற்றினான்.

பகல் முழுவதும் துணி காயவில்லை. மணல் காலைச் சுட்டது, காற்றும் இருந்தது, ஆனால் கொடியில் இருந்து நுரைத் துளிகள் சொட்டிக்கொண்டே இருந்தன. சொட்டிய இடங்களில் மணலில் சின்னச் சின்னக் குழிகள். அஸருக்குப் பார்த்தபோது அவை கொடிக்குக் கீழே மட்டும் இருந்தன. வெயில் மஞ்சளானபோது பார்த்தான். குழிகள் கொடியில் இருந்து விலகி, கிணற்றடியைக் கடந்து, பின்கதவை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தன.

பள்ளியில் மஃரிபு பாங்கு ஒலித்தது.

துணியை எடுக்க வேண்டும். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். காற்று விழுந்துவிட்டது. மற்றத் துணிகள் அசையவில்லை. விரிப்பு மட்டும் மெதுவாக உப்பியது, பின்னால் நின்று யாரோ இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பதுபோல. ஓட்டைக்குள்ளால் இப்போது வேலி தெரியவில்லை.

காலை உள்ளே இழுத்தான். தாழ்ப்பாளைப் போட்டான். துணிகள் வெளியே கிடந்தன.

பாங்கு முடிந்தது. ஓத வாய் வரவில்லை. ஆயத்துல் குர்ஸியின் தொடக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வீட்டுக்குள் இருள் மூலைகளில் இருந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. மாமி இஷாத் தொழுகைக்கு முந்தி வந்துவிடுவார். அதுவரைதான். லாம்பு குசினியில் இருந்தது. பிள்ளை ஏணையில் தூங்கியது. மூச்சு கேட்டது. போய் எடுத்துக்கொண்டு வர அவ்வளவு நேரம் ஆகாது.

போனான். நெருப்புக்குச்சி நமத்திருந்தது. ஒன்று பற்றவில்லை. இன்னொன்று. யன்னலில் பக்கற் சரிந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தான். காலி.

லாம்பு பற்றியது.

அறையில் தண்ணீர்ச் சத்தம்.

கையால் அள்ளி ஊற்றும் சத்தம். மெதுவாக. பிறகு தேய்க்கும் சத்தம். பிறகு இடைவெளி.

ஓடினான்.

சத்தம் நின்றது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவின் கீழால் நுரை வந்திருந்தது. சீமெந்துத் தரையில் ஈரம். ஏணைவரை. ஏணை ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் இருந்து சொட்டியது. சொட்டு. சொட்டு. அந்தப் பூவின் மணம்.

லாம்பைத் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினான். உயிர் இருந்தது. தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. காதின் பின்னால் நுரை. விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. பிள்ளை அழவில்லை. அவனுடைய தோளுக்கு மேலால், அவனுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தது.

இடது நெற்றிப் பொட்டைப் பார்த்தான்.

மறுவில் பாதி இல்லை.

பாதி போன இடத்தில் தோல் வெளுத்து, மெலிந்து, பழைய சேலையைப்போல இருந்தது. லாம்பின் வெளிச்சம் அதில் படவில்லை. அதற்குள் போனது.

பாதி இன்னும் மிச்சம்.

அவனுக்குப் பின்னால், மிக அருகில், ஒரு கை முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளியது. ஈர முடி. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பிறகு கை தண்ணீருக்குள் இறங்கியது.

அவன் திரும்பவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான்.

பிள்ளை பிறந்த அந்த இரவில் மாமி கார் மறிக்கத் தெருவுக்கு ஓடியிருந்தார். மருத்துவிச்சி அடுப்படியில் துணி தேடிக்கொண்டிருந்தாள். நதீரா விரிப்பில் கிடந்தாள். கழுவாத பிள்ளை அவன் கையில் இருந்தது. அவள் கலிமா சொல்லவில்லை. கையை நீட்டிப் பிள்ளையின் நெற்றிப் பொட்டைத் தொட்டாள். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தாள். போகவில்லை. இன்னொருமுறை தேய்த்தாள். பிறகு அவனைப் பார்த்துச் சொன்னாள்.

“புள்ளட முகத்தில ரத்தம் இரிக்கி மச்சான். ஆரும் துடைக்க வேணாம். நான் வந்து கழுவுறன்.”