திரும்பப் பெற்ற பெயர்

துவைத்துக் காயப்போட்ட சட்டையில் குழி நாற்றம் அடித்தது.

செங்கொடி முதலில் மழையைத்தான் திட்டினாள். ஐப்பசி முடிந்தும் விடாமல் பெய்துகொண்டிருந்தது. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீடுகளின் கொடிகளில் ஒரு துணியும் காயவில்லை. ஈரத் துணியென்றால் முடைநாற்றம் இருக்கத்தானே செய்யும் என்று சட்டையை உதறி மடித்தாள். மடித்ததை எடுத்து மறுபடி முகர்ந்தாள். ஈர முடை இல்லை இது. அழுகிய முட்டை. தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்தாலும் இறங்காத அந்த நாற்றம் உலகத்தில் ஒரே இடத்துக்குத்தான் சொந்தம் என்று அவளுக்குத் தெரியும். எண்ணூர் ரோட்டில் அவள் வேலை பார்க்கும் ரசாயன ஆலையின் பின்பக்கம் ஒரு கழிவுத் தொட்டி உண்டு. அதைக் கழுவ இறங்கும் ஒப்பந்த ஆட்கள் அதைக் குழி என்பார்கள். அவர்களில் ஒருவனான அவள் தம்பி அறிவு அந்தப் பக்கம் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கூட வேலை பார்த்த குமாரவேல் குழியில் செத்ததிலிருந்து அவன் வேலைக்கே போகவில்லை, பாயை விட்டு எழுவதே பெரும்பாடாக இருந்தது.

"டேய், இந்தச் சட்டையப் போட்டுகினு எங்கனா போனியா?"

"எங்கக்கா போவப் போறேன்? வூட்லதான கீறேன்."

"இன்னா நாத்தம் நாறுது பாரு."

அவன் சட்டையை வாங்கி முகத்தில் வைத்து மூச்சை நன்றாக இழுத்தான். "எனக்கு ஒண்ணும் தெர்லியே" என்றான்.

அவள் சட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நாற்றம் தெரியாமல் போவதுதான் பயம். ஒப்பந்தத்துக்குப் புதிதாக வரும் ஆட்களுக்கு மேஸ்திரி ராமதாஸ் சொல்லும் முதல் பாடம் அது. "நாத்தம் அடிக்கிற வரிக்கும் பயம் இல்ல நைனா. திடீர்னு நின்னுச்சுன்னு வெச்சிக்கோ, குழி சுத்தமாயிடுச்சுன்னு நெனைக்காத. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அடுத்தது நீதான். ஏறி ஓடியாந்துடு." குமாரவேலுக்கும் இதைச் சொல்லித்தான் இறக்கினார்கள். அவன் ஏறி வரவில்லை.

அவன் போயிருக்க வேண்டியவனே இல்லை. இது செங்கொடிக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

ஆலையின் லேபர் ஆபீசில் கம்ப்யூட்டரில் தட்டுவது அவள் வேலை. மறுநாள் குழியில் இறங்குபவன் யார் என்று மேஸ்திரி சொல்ல, அவள் அதை மெயிலாக அடித்து வாசல் கேட்டுக்கும், சேஃப்டிக்கும், கேன்டீனுக்கும், குழியை ஒட்டிய கேபினுக்கும் அனுப்புவாள். அன்றைக்கு மேஸ்திரி சொன்ன பெயர் அறிவு. கை பழக்கத்தில் அடித்தது, பழக்கத்தில் அனுப்பியும் விட்டது. அப்புறம்தான் திரையில் தம்பி பெயரைப் பார்த்தாள். அம்மா போனபோது அவன் அரை டிராயர் போட்ட பையன். சோறு ஊட்டி, தலை வாரி, பத்தாவது பெயிலானதற்கு அடித்து, அடித்ததற்கு அழுது அவள் வளர்த்த பிள்ளை அவன்.

அனுப்பிய மெயிலைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைக்கும் வசதி ஆலையின் உள் மெயிலில் இருந்தது. ரீகால் என்பார்கள். அவள் ரீகால் கொடுத்தாள். அறிவு இருந்த இடத்தில் குமாரவேல் என்று அடித்தாள். மேஸ்திரியிடம் தம்பிக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். குமாரவேலை ஏன் போட்டாள்? அவன் எதற்கும் முடியாது என்று சொல்லாதவன், அவ்வளவுதான். மறுநாள் காலை அவன் சிரித்துக்கொண்டே வந்து, தன் ரப்பர் பூட்ஸ் கிழிந்துவிட்டது என்று தோஸ்து அறிவின் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினான்.

ரீகால் பலித்ததா என்று கம்ப்யூட்டரே பதில் சொல்லும். கேட்டிலிருந்து பலித்தது என்று வந்தது. சேஃப்டி, கேன்டீன், அங்கிருந்தும் வந்தது. கேபினிலிருந்து மட்டும் வரவில்லை. அங்கிருந்த கம்ப்யூட்டர் அப்போது ரிப்பேராகிக் கிடந்தது. சாவுக்குப் பிறகு போலீஸ் கேபினையே பூட்டி அரக்கு வைத்துவிட்டது.

அவள் அதை ஒரு தடவை, சும்மா கேட்பதுபோல, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெரினாவிடம் கேட்டிருந்தாள்.

"மிஷினு ஆஃப்ல கீதுல்லக்கா, எப்டி ரிப்போர்ட்டு வரும்?" என்றாள் ஜெரினா. "யாராவது திறக்கணும். திறக்கிறவங்க ரீகாலை மொதல்ல தொட்டா பழைய மெயிலு போயிடும். பழசப் படிச்சுட்டா ரீகால் ஃபெயிலு. பழசுதான் நிக்கும்."

பழசுதான் நிக்கும். சாதாரணமாகச் சொன்ன வார்த்தை. அன்றிலிருந்து செங்கொடிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சட்டை நாறிய அன்று பிற்பகல் கன்னியம்மா ஆபீசுக்கு வந்தாள். குமாரவேலின் பெண்சாதி. சடையங்குப்பத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருந்தாள். பாவாடை ஓரம் சொட்டியது, நெற்றி வெறுமையாக இருந்தது. புருஷனின் சோத்து டப்பாவைக் கேட்டு வந்தவள். செங்கொடி அதை எடுத்துக் கொடுத்தாள். கன்னியம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவினாள்.

"தெனம் பொழுது சாய்ஞ்சா வராருக்கா" என்றாள், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. "வாசல்ல நின்னுகினு கீறாரு. உள்ள வாய்யான்னா வரமாட்டேன்றாரு. 'என்னையத்தான் கூப்டாங்களான்னு பாத்துட்டு வரேன்'ன்றாரு. இன்னாத்தப் பாக்கணும்? யாரு கூப்டாங்க? ஒண்ணும் புரியலக்கா."

செங்கொடி தன் குடையை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். போகும்போது கன்னியம்மா அவள் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும்க்கா" என்றாள். அதைவிட அவள் அறைந்திருக்கலாம்.

விளக்கு வைக்கும் நேரம் ஆபீஸ் காலியாகிக்கொண்டிருந்தது. ஜெரினா பையைத் தோளில் மாட்டியபடி தன் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். "இன்னாக்கா இது பேஜாரு, குழி கேபின் மிஷினு லைன்ல கீதுன்னு காட்டுது. அதுக்கு ஒயரே இல்லியே!" என்றவள், மழையில் ஏதோ குழம்பியிருக்கும் என்று தானே சொல்லிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

செங்கொடி எழுந்தாள். போகக்கூடாது என்று கால் சொன்னது. ஆனாலும் போனாள்.

ஆலையின் பின்பக்கம் விளக்குக் கம்பங்கள் எரியவில்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தம், அதற்கு அடியில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கமிருந்து தவளைகளின் சத்தம், அதற்கும் அடியில் குழியை மூடியிருந்த இரும்புத் தகட்டின் கீழே எதுவோ மெதுவாகக் கொப்பளிக்கும் சத்தம், எல்லாவற்றையும் கடந்து அவள் சேற்றில் நடந்தாள். நாற்றம் கண்ணைக் கரித்தது. கேபின் கதவில் பூட்டு இருந்தது, அரக்கும் உடையாமல் இருந்தது. சுவரில் அறுத்துவிட்ட ஒயர்கள் மழையில் ஆடின. கண்ணாடி ஜன்னலுக்குள் நீலமாக வெளிச்சம் தெரிந்தது.

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். ஆவி உள்பக்கம் படிந்திருந்தது. அது கலைந்த ஒரு மூலை வழியாகத் திரை தெரிந்தது. எதிரே நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

திரையில் இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. படிக்காத மெயில் அப்படித்தான் தடித்து நிற்கும். மேலே அறிவு பெயர் போட்ட பழைய மெயில். கீழே அவளுடைய ரீகால். இரண்டுக்கும் நடுவில் சின்ன அம்புக்குறி நகர்ந்தது. கோணல்மாணலாக, எங்கெங்கோ போய்த் திரும்பி, ஆயுசில் கம்ப்யூட்டரைத் தொடாதவன் நகர்த்துவதுபோல நகர்ந்தது. குமாரவேல் ஆயுசில் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

"குமாரவேலு..."

அம்பு நின்றது.

"கீழ இருக்கறதத் தொடு குமாரவேலு." அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். "மேல வேணாம். எனக்கு அவன் ஒருத்தன்தான்டா. உனக்குப் பாவம் பண்ணிட்டேன், நான்தான் பண்ணேன், என்னைய எடுத்துக்கோ. மேல மட்டும் தொடாத. கீழ இருக்கறதத் தொடு!"

செத்தவனிடம் போய், செத்தவனாகவே இரு என்று கெஞ்சுகிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் கெஞ்சினாள். அம்பு கேட்டுக்கொண்டிருப்பதுபோல அசையாமல் நின்றது. அப்புறம் மெல்ல மேலே ஏறியது.

தடித்த எழுத்து மெலிந்தது.

படித்தாகிவிட்டது.

எப்படிப் பஸ் ஏறினாள் என்று தெரியாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் யானைக் கூட்டம்போல வழியை அடைத்து நின்றன. பக்கத்தில் உட்கார்ந்த மீன்காரம்மாவே மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் மாறினாள். நாற்றம் செங்கொடியின் புடவையில் இருந்தது. அவள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்து வைத்து முகர்ந்தாள். அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும், நாற்றம் அடிக்கும்வரை பயமில்லை. கல்மண்டபம் தாண்டியும் அடித்தது. புளியந்தோப்பில் இறங்கி ஓடும்போதும் அடித்தது. மாடிப்படியில் கரண்டு இல்லை. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஏற ஏற அழுகிய முட்டை நெடி அதிகமாகிக்கொண்டே வந்தது, அவள் அழுதுகொண்டே சந்தோஷப்பட்டாள்.

வாசலுக்கு வந்தாள்.

நாற்றம் நின்றது.

முந்தானையை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. மழை வாசனைகூட இல்லை.

கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி.

"வாக்கா." கன்னியம்மாவின் குரல்.

நெற்றியில் பெரிய பொட்டு. கழுத்தில் தாலி. தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு மாசமா சோறு தண்ணி இல்லாம இப்டி வேலைக்கு ஓடிகினு இருந்தா, உடம்பு இன்னாத்துக்கு ஆவும்? போனவன் திரும்பியா வரப்போறான்? ஒரு வா துன்னுக்கா."

அவளுக்குப் பின்னால் சுவரோரம் குமாரவேல் உட்கார்ந்திருந்தான். உயிரோடு. சேறில்லாத கால்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதான்.

"என் பேரப் போட்ருக்கலாமேக்கா" என்றான். "ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் எறங்கிருப்பேன்."

செங்கொடி சுவரைப் பார்த்தாள். அம்மா போட்டோ. பக்கத்தில் இன்னொன்று. புது மாலை. காலையில் சட்டையை முகர்ந்து பார்த்த அதே முகம்.

கீழே அறிவின் பாய். சுருட்டி, கயிறு கட்டி வைத்திருந்தது.

படியில் சத்தம்.

தண்ணீர் நிறைந்த பூட்ஸ். ஒவ்வொரு படியாக. சளக். சளக். கன்னியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். குமாரவேல் தலை நிமிரவில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லை.

வாசலில் வந்து நின்றது.

அவள் திரும்பினாள். தலையிலிருந்து கறுப்பாய் வழிந்துகொண்டிருந்தது. முகம் இருந்த இடத்தில் வாய் மட்டும் சிவப்பாய்த் தெரிந்தது. காலில் அவனுடைய சொந்தப் பூட்ஸ்.

"என்னையத்தான் கூப்டாங்களான்னு பாத்துட்டு வந்துட்டேன்க்கா" என்றான் அறிவு. "என் பேருதான் கீது."

மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. எந்த நாற்றமும் இல்லை.

"உள்ள வாடா" என்றாள் செங்கொடி.

அவன் வந்தான்.