அளவெடுத்த இருக்கைகள்

கடைசி வீட்டின் கூடத்தில் ஜன்னலோரம் பல் மருத்துவர். மாடிப்படிக்குக் கீழே அவர் மனைவி. இவர்களுக்கு எதிரே, மூலையில், ஓவிய ஆசிரியை. அவள் பக்கத்து இருக்கை காலி. சுற்றிக்காட்ட வந்த வழிகாட்டி மட்டும் வாசற்கதவில் சாய்ந்து நின்றான்.

நாற்காலியே இல்லாத வீடு. இன்று பார்த்த வீடுகளையெல்லாம் கட்டியவர், எல்லாரும் தூணும் வளைவுமாகக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், வெறும் சிமெண்டுப் பெட்டிகளாக வீடு கட்டி ஊர் வாயில் விழுந்த கட்டடக் கலைஞர். இருக்கைகளைச் சுவரோடு சேர்த்தே வார்த்துவிடுவார்; குடியிருக்கப் போகிறவரை அளந்த பிறகுதான் வரைபடத்தில் கை வைப்பார். அந்த வழக்கப்படி காலையில், முதல் வீட்டில், வழிகாட்டி எல்லாரையும் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் உருவம் வரைந்தபோது ஒரே சிரிப்பு.

"இவருக்கு இந்தச் சுவர் பத்தாதுப்பா, பக்கத்து வீட்டையும் கேளு!" என்றாள் மருத்துவர் மனைவி.

ஆசிரியைக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. சிறுவயதில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது இடுப்பு சற்று இறக்கம். இருக்கையிலும் இடப்பக்கம் அதே இறக்கத்துக்குப் பள்ளம். சிமெண்டோ அவள் பிறப்பதற்கு முந்தையது.

மாலை வெளிச்சம் சுவரில் மெல்ல மெல்ல ஏறிப் போக, ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் அப்பியது. உள்ளே எங்கோ மணல் சரிவது போல ஓயாத ஓசை. முதுகுக்குப் பின்னால் சிமெண்டு, காய்ச்சல்காரர் உடம்பைப் போலக் கதகதத்தது. எதிரே பேச்சு எப்போதோ நின்றிருந்தது. மருத்துவரின் சட்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது?

எழப் பார்த்தாள். முடியவில்லை.

"பதறாதீங்க டீச்சர்," என்றான் வழிகாட்டி. "தங்கச்சியும் வர்றதாச் சொன்னீங்களே?"

"அவளுக்கு உடம்பு சரியில்ல... என்னை விடுப்பா."

"அவங்க இடம் காலியா கிடக்கு பாருங்க. வரச் சொல்லி ரெண்டு வரி எழுதுங்க. விட்டுடறேன்."

தாளும் பேனாவும் மடிக்கு வந்தன. கைகள் மட்டும் இன்னும் அவளுடையவை. இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தங்கை. மாட்டேன் என்று தலையசைத்தாள். தொடை இறுகியது. பிறகு வயிறு. பிறகு நெஞ்சு.

எழுதினாள். 'வீடெல்லாம் அவ்வளவு அழகு. உடனே கிளம்பி வா, கண்ணு.'

அவன் படித்துப் பார்த்து, மடித்து உறையில் போட்டான்.

"இப்ப விடு."

"உங்க அளவு வேற யாருக்குச் சேரும், டீச்சர்?"

கத்த வாயைத் திறந்தாள். மணல்.

உறையின் பசை காய்ந்திருந்தது. அவன் ஜன்னலோரம் போனான். அங்கே சிமெண்டில் மருத்துவரின் முகம் மூழ்கிவிட்டிருந்தது. நாக்கு மட்டும் வெளியே. ஈரமாக. துடித்தபடி. உறையின் ஓரத்தை அதன்மேல் ஓர் இழுப்பு இழுத்து, அழுத்தி ஒட்டினான்.

வாசலில் சைக்கிள் மணி.

"இன்னைக்கே போயிடுமில்ல?"

"போயிடும் சார்," என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார் தபால்காரர்.