காப்பன் வந்த நேரம்

பணிக்கு வந்ததும் செவிலியர்கள் கை கழுவினார்கள், உடை மாற்றினார்கள், பிறகு வரிசையில் நின்று தங்கள் பயத்தை அளந்துகொண்டார்கள். நிலவின் தென்முனைக் குடியிருப்பு மருத்துவமனையில் அது காய்ச்சல் பார்ப்பதைப் போன்ற வேலை. ஒவ்வொருவர் பிடரியிலும் தோலுக்கடியில் அரிசியளவில் ஓர் அச்சமானி இருந்தது. எண் எழுபதைத் தாண்டினால், சுவருக்குள் நிற்கும் காப்பன் என்னும் எந்திரம் வெளியே வந்து, தாக்க வருபவரைத் தன் மெத்தைக் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

தேவை இருந்தது. பனிச்சுரங்கத்தில் துளையிடுபவர்களுக்குச் சுவாசக்காற்று குறைந்தால் வெறி பிடிக்கும். தூக்கி வருபவர்களையே கடிப்பார்கள். வெறி அடங்கிய பிறகுதான் மருத்துவர்கள் வருவார்கள். அதுவரை செவிலியர்தான்.

அன்றன்றைய எண்களை உணவகத் திரையில் போடும் வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. ஆண் செவிலியர்களில் யாருடைய எண் அதிகமோ, அவன் எல்லோருக்கும் தேநீர் பரிமாற வேண்டும்.

"என்னக்கா, சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடுங்க" என்பார் மூத்த மருத்துவர் கார்மேகம், பரிமாறுபவனைப் பார்த்து. மேசையே குலுங்கும்.

ஜெயசீலன் ஒரே வாரத்தில் மூன்று முறை பரிமாறினான். அதன்பின் அவன் எண் பன்னிரண்டைத் தாண்டியதே இல்லை. காரணத்தை உடன் வேலை பார்த்த செவிலி அருள்செல்வியிடம் மட்டும் சொன்னான். இருவரும் பூமியிலிருந்து ஒரே விண்கலத்தில் வந்து இறங்கியவர்கள்.

"எல்லா ஆம்பளைங்களும் ஒரு மாத்திரை போடுறானுங்க செல்வி. பயம் உள்ள அப்படியேதான் இருக்கும். நம்பர் மட்டும் ஏறாது. யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்லல. ஆனா உன்னை எவனாவது அடிக்க வந்தா காப்பன் வராதேடா?"

"நீ பக்கத்துல இருப்பல்ல? உன் நம்பர் கூப்பிடும்."

அவளும் சிரித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு முற்பகலில் பட்டுராஜன் என்ற சுரங்கத் தொழிலாளி கட்டுகளை அறுத்துக்கொண்டு எழுந்தான். மருந்து தொங்கிய இரும்புக் கம்பியைப் பிடுங்கினான். அறையில் அப்போது பணியில் இருந்தது அருள்செல்வியும் ஜெயசீலனும்தான். அருள்செல்வி கதவை மறைக்காமல் ஓரமாக நகர்ந்தாள். உள்ளங்கைகளை அவன் பார்க்கும்படி விரித்துக் காட்டினாள். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"பட்டுராஜண்ணே, இங்க யாரும் உங்கள ஒண்ணும் பண்ணமாட்டோம். கம்பிய மெதுவா கீழ வைங்க."

அவள் எண் தொண்ணூற்று நான்கு. சுவர் திறக்கவில்லை.

"சீலா, பின்னாலேர்ந்து பிடி."

மூன்றடி தள்ளி நின்ற ஜெயசீலன் அசையவில்லை. கம்பி இறங்கியது. அவளுடைய தோள் எலும்பு முறிந்தது. அந்தச் சத்தத்தில் திகைத்தோ என்னவோ, பட்டுராஜன் கம்பியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

காப்பன் ஏன் வரவில்லை என்பது அதன் பதிவிலேயே இருந்தது. ஒரே அறை, ஒரே ஆபத்து. ஒருவருக்குத் தொண்ணூற்று நான்கு, மற்றவருக்குப் பன்னிரண்டு. பல மாதங்களாகவே ஆண்களின் எண்கள் அமைதியாக இருக்க, பெண்களின் எண்கள்தான் ஏறின. எனவே பெண்களின் அச்சமானிகள் மிகைப்படுத்துகின்றன என்று அது முடிவு செய்திருந்தது. 'கருவிப் பிழை' என்று குறித்துக்கொண்டு சுவருக்குள்ளேயே இருந்துவிட்டது.

பத்து நாள் கழித்து விசாரணை. நோயாளியைச் சீண்டியதாக அருள்செல்வி மேல் புகார். நிரூபணமானால் உரிமத்தைப் பறித்துப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். மாத்திரை விஷயத்தை அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆண்களில் அதை உறுதிசெய்ய முன்வரக்கூடியவன் ஜெயசீலன் ஒருவனே.

நடைக்கூடத்தில் அவனிடம் சொன்னாள். "உள்ள கேப்பாங்க. நடந்ததச் சொன்னாப் போதும்."

அவன் தரையைப் பார்த்துத் தலையாட்டினான். "சொல்றேன் செல்வி."

அவள் நம்பினாள்.

தலைமை வகித்தவர் கார்மேகம். பின்வரிசையில் ஆண் செவிலியர்கள் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார்கள். கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டபடி அருள்செல்வி எதிரே நின்றாள்.

"ஏம்ப்பா, பயம் தெரியாம இருக்க நீங்கல்லாம் மாத்திரை போடுறீங்கன்னு அந்தம்மா சொல்றாங்க. நிஜமா?" என்று ஜெயசீலனிடம் கேட்டார் கார்மேகம்.

"அக்கா, டீ ரெடியா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. சிரிப்பு எழுந்து அடங்கியது.

ஜெயசீலன் அருள்செல்வியைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள்.

"அப்படியெல்லாம் எதுவும் இல்ல சார்" என்றான். "எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

விசாரணைக்கு நோயாளிகள் யாரும் வரப்போவதில்லை என்பதால் அவன் அன்று மாத்திரை போட்டிருக்கவில்லை. அவன் எண் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. எந்த நோயாளியும் அவனை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியதில்லை.

சுவர் திறந்தது. எப்போதும் பன்னிரண்டையே காட்டிய கருவி மிகைப்படுத்தாது என்று கணித்துக் காப்பன் விரைந்து வந்தது. அறையில் யாரும் கை ஓங்கவில்லை. அது அவன் கண்கள் போன திசையைப் பின்தொடர்ந்தது. அருள்செல்வியைப் பின்னாலிருந்து அணைத்து இறுக்கியது. முறிந்த தோள் நெரிய, அவள் அலறினாள்.

"பாத்தீங்களா, மிஷினுக்கே தெரியுது" என்றார் கார்மேகம், குறிப்பெடுப்பவரிடம் திரும்பி. "எழுதிக்கோங்க. விசாரணையின்போதே ஆவேசப்பட்டார்."

குறிப்பெடுப்பவர் எழுதினார். ஜெயசீலனின் எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. எண் இறங்குவதைக் கண்ட காப்பன், பிடிக்கவேண்டிய ஆளைத்தான் பிடித்திருக்கிறோம் என்று பதிவு செய்துகொண்டது.