இல்லாத கட்டிக்கு ஒரு பில்

ஜெனீவா ஹாப்ஸ் உள்ளே வந்தபோது அவர் தோளில் ஒட்டியிருந்த பனி உருகிச் சொட்டியது. மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை தன் வேலை போய்விடும் என்றார். அதோடு பத்தொன்பது வருடம் காப்பாற்றி வைத்த தொழில் சான்றிதழும் போய்விடும் என்றார்.

மார்ட்டா ப்ரூனர் காபிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். அமெரிக்காவின் ஈரி நகரத்தில் மருத்துவ பில் தகராறுகளை ஆராய்ந்து சொல்வது ப்ரூனரின் தொழில். உதவியாளர் டூலி இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த வழக்கு வந்தாலும் பத்து நிமிடத்தில் விடை கண்டுபிடித்துவிடுவார், பெரும்பாலும் தவறாக.

ஜெனீவா ஒரு ஸ்கேன் நிலையத்தில் கோடர். டாக்டரின் அறிக்கையைப் படித்து, செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் உரிய ஐந்து இலக்க எண்ணைப் பில்லில் போடுவார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். தகராறு ஒரு கல்லீரல் ஸ்கேனைப் பற்றியது. பழம் கனிந்ததா என்று விரலால் அழுத்திப் பார்க்கிறோம் அல்லவா, அதையே ஒலி அலையால் செய்யும் கருவி ஒன்று உண்டு. அலை வேகமாக ஓடினால் அந்த இடம் இறுகியிருக்கிறது என்று பொருள். முழு உறுப்பின் இறுக்கத்தை அளந்தால் 76981. உள்ளே இருக்கும் கட்டியை மட்டும் அளந்தால் 76982. ஒரே நாளில் இரண்டையும் அளந்தால் முதல் எண்ணை மட்டுமே போட வேண்டும்.

கார்ல் யாகர் என்பவருக்குச் செப்டம்பரில் எடுத்த ஸ்கேனுக்கு ஜெனீவா 76982 போட்டிருந்தார். அறிக்கையிலோ கட்டி என்ற சொல்லே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. பில் யாகரின் வீட்டுக்குப் போனது. அவர் கோபமாக ஒரு கடிதம் எழுத, கோடர் பொய் எண் போட்டார் என்று நிலையம் முடிவு செய்துவிட்டது.

"ஒண்ணுக்குப் பதிலா ரெண்டை அமுக்கிட்டீங்க. கை தவறுறது சகஜம்தானே," என்றார் டூலி.

"எண்ணு மட்டும்னா சரி. என்ன நோய்னும் தனியா ஒரு குறி போடணும். அதுலயும் கட்டின்னுதான் போட்டிருக்கேன். ரெண்டு தடவை ஒரே மாதிரியா கை தவறும்?"

அறிக்கையில் இல்லாததைத் தான் ஒருபோதும் போட்டதில்லை என்று ஜெனீவா சத்தியம் செய்தார். ஆனால் அந்த நாள் நினைவில்லையாம். தினம் எண்பது பில் போடுகிறவருக்கு எதுதான் நினைவிருக்கும்?

அவர் போன பிறகு ப்ரூனர் யாகரின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். 'ஜூலையில் ஆஸ்பத்திரியில் என் பித்தப்பையை எடுத்தார்கள். அதன்பின் வெள்ளிக்கிழமை மீன் வறுவலைக்கூட என்னால் தொட முடியவில்லை. இப்போது இல்லாத கட்டிக்கு என்னிடம் பணம் கேட்கிறீர்கள். இன்னும் எதை எடுப்பதாக உத்தேசம்?' என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். யாகரின் கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருந்ததால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் உண்டு. மார்ச், செப்டம்பர் அறிக்கைகள் இரண்டையும் ப்ரூனர் மேசைமேல் அருகருகே வைத்தார். பிறகு அந்த பில் பதிவான நேரத்தையும் அறிக்கையில் கையெழுத்தான நேரத்தையும் கேட்டு வாங்கும்படி டூலியிடம் சொன்னார்.

மறுநாள் மதியம் ஸ்கேன் நிலையத்தின் படம் பார்க்கும் இருட்டறையில் ப்ரூனர், டூலி, ஜெனீவா, யாகரின் அறிக்கையை எழுதிய டாக்டர் என நான்கு பேர் கூடினார்கள். அந்த டாக்டர், ஃபென்விக், கண்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கூட்டாளி விலகிய பிறகு தினம் அறுபது பேரின் படங்களை அவர் ஒருவரே பார்க்கிறார்.

"டாக்டர், செப்டம்பர் அறிக்கையில யாகரோட பித்தப்பை எப்படி இருக்குன்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார் ப்ரூனர்.

"நார்மல்."

"ஜூலையில எடுத்த பித்தப்பை, செப்டம்பர்ல எப்படி நார்மலா இருக்கும்?"

ப்ரூனர் இரண்டு அறிக்கைகளையும் ஃபென்விக்கின் முன் வைத்தார். மார்ச்சில் கல்லீரல் இறுக்கம் 11.4. செப்டம்பரிலும் 11.4. பத்து முறை அளந்து நடு எண்ணை எடுக்கும் சோதனை இது. ஆறு மாதம் கழித்துப் புள்ளிக்குப் பின்னாலும் அதே எண் வருவது அபூர்வம். தேதியைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை.

மாதக் கடைசி நாளில் எல்லா அறிக்கைகளையும் முடித்தாக வேண்டும் என்று மெல்லச் சொன்னார் ஃபென்விக். பழைய அறிக்கையை எடுத்துத் தேதியை மாற்றி வைத்துக்கொள்வார். படங்களைப் பார்த்தபின் திருத்துவார். யாகருடையது திருத்தாமலே கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

"பித்தப்பை வரியை இன்னிக்கே மாத்திடுறேன். ஜெனீவாவும் கை தவறிடுச்சுன்னு எழுதிக் கொடுத்தா ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடலாம். மேனேஜர்கிட்ட நான் பேசுறேன்," என்றார்.

டூலியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, நான் நேத்தே சொன்னேன்."

"படங்களைத் திரும்பப் பாருங்க, டாக்டர்," என்றார் ப்ரூனர்.

"நூறு படத்துல எதைத் தேடுறது? மூடின ஸ்கேனைத் திறக்கணும்னா கோடர் காரணத்தோட எழுதிக் கேட்கணும். வெளியாள் சொன்னதுக்காகத் திறக்க முடியாது."

ப்ரூனர் ஜெனீவாவின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"செப்டம்பர் கடைசி நாள்ல டாக்டர் கையெழுத்துப் போட்டது மதியம் ரெண்டு நாப்பது. நீங்க எண்ணைப் போட்டது அன்னிக்குக் காலையில பதினொண்ணு இருபது. அறிக்கையே வராதப்போ கட்டின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ப்ரூனரே விளக்கினார். ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் தான் கண்டதை ஒரு தாளில் கையால் குறித்து டாக்டருக்கு வைப்பார். அதைப் பார்த்துக் கோடர் பில் போடக் கூடாது என்பது விதி. மாதக் கடைசியில் அறிக்கை தாமதமானால் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் போடுவார்கள், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கல்லீரலையும் கட்டியையும் சேர்த்து அளந்திருந்தால் ஜெனீவா முதல் எண்ணைப் போட்டிருப்பார். இரண்டாவதைப் போட்டிருக்கிறார் என்றால், தாளில் இருந்தது கட்டியை அளந்த குறிப்பு மட்டும்தான். அந்தத் தாளை ஒரு வாரத்தில் கிழித்துவிட்டார்கள். டெக்னீஷியனோ ஒப்பந்தம் முடிந்து வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். டூலி தொலைபேசியில் கேட்டபோது யாகர் என்ற பெயரே அவருக்கு நினைவில்லை.

"என்கிட்ட நீங்க பொய் சொன்னீங்க, ஜெனீவா. ஆனா நீங்க போட்ட எண்ணு பொய் இல்ல. அந்தக் கட்டிக்கு இப்ப மிச்சமிருக்கிற ஒரே சாட்சி அதுதான். கை தவறிடுச்சுன்னு எழுதினா அதுவும் போயிடும். யாகர் அடுத்த ஸ்கேனுக்கு மார்ச்சுலதான் வருவாரு."

டூலி தரையைப் பார்த்தார்.

"வலது பக்கம், கீழ்ப்பகுதி," என்றார் ஜெனீவா கடைசியில். "ரெண்டு புள்ளி ஒரு சென்டிமீட்டர். அந்த டெக்னீஷியன் பொண்ணு அதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தா. ஞாபகம் இல்லன்னு சொன்னதும் பொய்தான்."

அவரே கணினி முன் உட்கார்ந்து டாக்டருக்கான கேள்விப் படிவத்தைத் திறந்தார். என்ன பார்த்தீர்கள் என்ற கட்டத்தை வேகமாக நிரப்பினார். எங்கே பார்த்தீர்கள் என்ற கட்டத்தில் அவர் விரல்கள் நின்றன. அதை நிரப்பினால் வெள்ளிக்கிழமை வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். 'டெக்னீஷியன் தாளில்' என்று எழுதி அனுப்பினார்.

ஃபென்விக் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். இருபத்துமூன்றாவது படத்தில் கை நின்றது. சாம்பல் நிறத் திசுவுக்குள் கறுப்பாக ஒரு வட்டம், அதன் இரு ஓரத்திலும் டெக்னீஷியன் வைத்த சிறு குறிகள். அவரே மறுபடி அளந்தார். 2.1 சென்டிமீட்டர்.

"ஏழு வாரம் ஆச்சு," என்றார் டூலி, யாரும் கேட்காமலே.

ஃபென்விக் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார். மறுமுனையில் ஒலித்த குரல் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது.

"பில்லு விஷயமாத்தானே? எனக்குக் கட்டி கிட்டி எதுவும் இல்லன்னு நான்தான் எழுதியிருந்தேனே."

"இல்ல, மிஸ்டர் யாகர்," என்றார் ஃபென்விக். "பில்லு சரியாத்தான் போட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில நீங்க இங்க வரணும். தனியா வராதீங்க, வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க."