நியாஸின் சிலந்திகள்

பொழுதடைந்து மக்ரிப் பாங்கு முடிந்த கையோடு மாடியறையில் சிள்வண்டுகள் கத்தத் தொடங்கிவிடும். அன்று கத்தவில்லை.

சிலந்திகளுக்கு இரையாக நியாஸ் டப்பாவில் வளர்த்தவை அவை. கோவிலூர் விலக்கில் லாரி மோதி அவன் மவுத்தானதிலிருந்து, உள்ளங்கை அகலமிருந்த அவனுடைய சிலந்திகளுக்கு இரை போடுவது அவன் அம்மா பல்கீஸின் வேலையாயிற்று. அவன் இருந்தவரை அந்த அறை வாசலைக்கூட மிதிக்காதவள். "கடிக்காதும்மா, பயப்படாதீக" என்று சிரிப்பான். இப்போது மயிரடர்ந்த அந்தக் கால்கள் டப்பாச் சுவரை மெத்து மெத்தென்று தடவும்போதெல்லாம், அவன் விரலுக்குப் பழகிய உயிர்களாயிற்றே என்று டப்பாமேல் கை வைத்து நிற்பாள்.

அவள் கணவர் அபூபக்கர் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

"காலையில மதுரையிலருந்து ஆளு வாராரு. சிலந்தி எல்லாத்தையும் குடுத்துருவோம், பல்கீஸ்."

"அவன் வச்சிட்டுப் போனதுன்னு நமக்கு வேற என்னங்க இருக்கு? இதையும் குடுத்துருவோங்கிறீகளே..."

அவர் வாசலிறங்கிப் போனார்.

அவள் தனியாக மாடியேறினாள். படியிலேயே, டப்பாக்களில் பரப்பியிருந்த ஈரத் தேங்காய் நார்த்தூள் வாடை வந்தது. அதற்கடியில், வெயிலில் சுற்றிவிட்டு வந்து அவன் கழற்றிப் போடும் சட்டையின் வியர்வை வாடையும் வந்தது. அவன் சட்டைகளையெல்லாம் துவைத்து எப்போதோ யார் யாருக்கோ கொடுத்தாயிற்று.

கதவைத் தள்ளினாள். விளக்கு எரியவில்லை. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் அலமாரி தெரிந்தது. டப்பாக்களின் மூடிகள் மூடியபடியே இருந்தன, கொக்கி போட்டபடியே. உள்ளே எதுவுமில்லை. சிலந்திகளில்லை. சிள்வண்டுகளில்லை.

கட்டில் பக்கம் ஏதோ ஊர்ந்தது.

இத்தனை நாள் வெறுமனே கிடந்த அவன் கட்டில். இப்போது தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை வெள்ளை வலை. தடிப்பாக, மையித்தைச் சுற்றும் கஃபன் துணிபோல. மேலே சிலந்திகள் நூல் இழுத்துக்கொண்டிருந்தன. அடியில் ஒரு மேடு. முழங்கால். தோள். மூக்கு.

ஓடிவிட வேண்டும். கால் வரவில்லை.

"நியாசு..."

சிலந்திகள் அப்படியே நின்றன. வலையின் நெஞ்சு மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

பல்கீஸ் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அழுதுகொண்டே கையை நீட்டினாள். வலைக்குள்ளிருந்து ஒரு கை அவள் கையைத் தேடியது. பிடித்தது. குளிர்ந்திருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக அவள் கைமேல் மடங்கின.

ஐந்தாவது விரலுக்குப் பிறகும் மடங்கிக்கொண்டே இருந்தன.

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.